ரெண்டு விசில்

உள்ள தள்ளி உக்காருங்க சார். அப்படித்தான். சன்னலோரம் வெயில் அடிக்குதேன்னு பாக்காதீங்க, நாலு ரோடு தாண்டினா வெயில் அக்கட்டால போயிரும். இந்த ரூட்டுல எந்த ஸ்டாப்புல எந்தப் பக்கம் வெயில், எந்த மேட்டுல வண்டி முக்கும், எந்த டீக்கடையில டம்ளரைச் சரியாக் கழுவமாட்டான், எல்லாம் எனக்கு மனப்பாடமுங்க. முப்பத்திரெண்டு வருஷம் கண்டக்டரா இருந்தவன். நாச்சிமுத்துன்னு டெப்போவுல கேட்டுப் பாருங்க. ரிட்டையராகிப் பதினோரு மாசமாச்சு.

இப்ப இந்தக் கண்டக்டரைப் பாருங்க. சம்மணம் போடாத கொறையா சீட்டுல உக்காந்துட்டு டிக்கெட் கிழிக்கறாரு. நாங்கெல்லாம் உக்காந்ததே கெடையாது. சரி, அதை உடுங்க. அவிங்கவிங்க பொழப்பு.

எங்க போறீங்கன்னு கேட்டீங்கல்ல? ஆர்.டி.ஓ. ஆபீசுக்குங்க. இன்னைக்கு எனக்கு டெஸ்ட்டு. கார் ஓட்டற டெஸ்ட்டு. மூணாவது தடவை. இந்த ஃபைலைச் சித்த மடியில வெச்சுக்கறீங்களா, என் கை ஈரமா இருக்குது.

சிரிக்கலீங்களே? சிரிச்சாலும் தப்பில்ல, ஊரே சிரிச்சாச்சு. என்ற மச்சினன் கல்யாணப் பந்தியில வெச்சுக் கேட்டான், "என்ன மாமா, எல் போர்டைக் கழட்டாமயே அறுபதாங் கல்யாணம் பண்ணிக்குவீங்களாட்ட இருக்குது"ன்னு. எலையில பாயசம் ஊத்தினவன் கூடச் சிரிச்சான்.

ஃபெயிலானதுகூடப் பரவால்லீங்க. மனுசன்னா ஃபெயிலாகத்தான் செய்வான். என்ற ஊட்டுக்காரி பாஸாயிட்டா. அதும் மொதத் தடவையில. அதும் நான் ஃபெயிலான அதே நாளு, அதே காருல, நான் எறங்கின சூடு ஆறாத சீட்டுல உக்காந்து. அதைத்தான் சார் என்னால முழுங்க முடியல.

மொதல்ல இருந்து சொல்றேன். பஸ்ஸுன்னா உங்களுக்கு யாரு ஞாபகத்துக்கு வருவாங்க? டிரைவர்தான? அதுதான் சங்கதியே. என்கூடப் பதினாலு வருஷம் ஓட்டினவன் வெள்ளியங்கிரி. தங்கமான மனுசன்னு எல்லாரும் சொல்லுவாங்க. சொல்லட்டும். சாப்பிட நிறுத்தினா ஓட்டல்காரன் அவனுக்குத்தான் மொதல்ல எலை போடுவான். அவனுக்கு ஆம்லெட் முழுசா வரும், எனக்குப் பிஞ்சு வரும். சந்தைக்குப் போற கெழவி கூடையில இருந்து ரெண்டு கொய்யாவை எடுத்து அவன் கையில குடுத்து, "பத்தரமாக் கொண்டாந்து சேத்துன சாமி, நல்லா இருப்ப"ன்னு சொல்லிட்டு எறங்கும். ஏனுங்க, நான் மட்டும் என்ன அந்தக் கெழவியைக் கெணத்துலயா தள்ளி உட்டேன்? என்கிட்ட வந்தா சில்லறைச் சண்டைதான்.

ஆயுத பூஜைக்கு பஸ்ஸைக் கழுவறது நானு. வாழக்கன்னு கட்டறது நானு. பூசணிக்காயை ஒடைச்சு, செதறினதை ஓரமாத் தள்ளறதும் நானு. சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வெக்கறதும் நானு. அதுமேல வண்டியை ஏத்தறது மட்டும் அவன். பழம் 'பொட்'டுன்னு நசுங்கும் பாருங்க, அப்ப எல்லாரும் கை தட்டுவாங்க. அவனுக்கு. முப்பத்திரெண்டு வருஷமா அந்தச் சத்தத்தைக் கீழ நின்னுட்டுத்தான் கேட்டேன். ஒரு நாளைக்கு மேல உக்காந்து கேக்கோணும்னு இருந்துச்சுங்க. வேற பெரிய ஆசையெல்லாம் எனக்குக் கெடையாது.

அதுக்குத்தான் ரிட்டையரானதும் காரு வாங்கினேன். பழைய வண்டிதான், வெள்ளை. வித்தவரே கொண்டாந்து வாசல்ல நிறுத்திட்டுப் போனாரு. துளசிமணி, அதுதான் என்ற ஊட்டுக்காரி, மஞ்சள் குங்குமம் வெச்சு, நாலு சக்கரத்துக்கும் நாலு பழம் வெச்சா. "நீங்க லைசென்ஸ் வாங்கிட்டு வந்து ஏத்துங்க மாமா"ன்னா. நல்ல வார்த்தைதான். அப்ப நான் மட்டும்தான் கத்துக்கறதா இருந்துச்சு.

கெடுத்தது டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் இன்பராஜ். "அம்மாவும் கூடவே கத்துக்கட்டுமேங்ணா, ஒரே வண்டியில ரெண்டு பேரும் வந்துட்டுப் போகலாம்"ன்னாரு. நானும் பெரிய மனசு பண்ணி ஒத்துக்கிட்டேன். ரெண்டு நாளு வந்து பயந்துட்டு நின்னுக்குவான்னு நெனைச்சேன்.

நிக்கலீங்க.

தையல் மெஷின் மிதிச்ச காலு சார் அது. ஊர்ல பாதிப் பேருக்கு ஜாக்கெட் தெச்சவ. மூணாம் நாளே மாஸ்டர் சொல்லிட்டாரு, "அம்மா கிளட்ச்சை விடறது தெரியவே மாட்டேங்குது, நீங்க விட்டா என் பல்லு ஆடுதுங்ணா"ன்னு. ஏனுங்க, தையல் மெஷினும் காரும் ஒண்ணா? மெஷின் ரோட்டுலயா போகுது? நான் முப்பத்திரெண்டு வருஷம் ரோட்டுல போனவன். அதைச் சொன்னா, "நீங்க நின்னுட்டுத்தானுங்ணா போனீங்க"ங்கறாரு.

அவளும் சும்மா இருக்கமாட்டா. ஒரு நாளு நான் நாலு தடவை வண்டியை ஆஃப் பண்ணிட்டேன். அடுத்து அவ உக்காந்தா. அவளும் ரெண்டு தடவை ஆஃப் பண்ணினா. வேணும்னே சார். அவ காலு எனக்குத் தெரியாதா? ஆஃப் பண்ணிப்போட்டு என் மூஞ்சியைப் பாத்து, "நெம்பக் கஷ்டமா இருக்குதுங்க மாமா"ங்கறா. கட்டின புருஷனை எப்படியெல்லாம் நக்கல் பண்ணலாம்னு எங்கதான் கத்துக்கறாங்களோ.

டெஸ்ட் நாளு வந்துச்சு. பிரேக் இன்ஸ்பெக்டர் எனக்கு எடப்பக்கம் உக்காந்தாரு, மாஸ்டர் பின்னால. நான் சாவியைப் போட்டு, கிளட்ச்சை மிதிச்சு, மொதக் கியர் போட்டு, எல்லாம் சுத்தமாப் பண்ணினேன். "எடுங்க"ன்னாரு. நான் எடுக்கல. "எடுங்க சார்"ன்னாரு. எடுக்கோணும்னுதான் நெனைக்கறேன், காலு வரமாட்டேங்குது. ஒடம்பு தானாத் திரும்பிப் பின்னால பாக்குது. சீட்டைப் பாக்கறேன், கதவைப் பாக்கறேன். "என்னத்தத் தேடறீங்க?"ன்னு கேட்டாரு. வாயில வந்துருச்சுங்க, "இன்னும் ரைட் குடுக்கலீங்களே"ன்னு.

அவரு பேனாவை மூடிட்டாரு. அந்தப் பதட்டத்துல கிளட்ச்சை உட்டேன், வண்டி குதிச்சு நின்னுச்சு. மறுபடியும் எடுத்தேன், மறுபடியும் குதிச்சுது. மூணாவது தடவை அவரே சாவியைத் திருப்பி ஆஃப் பண்ணிட்டு, "என்ன வேலை பாத்தீங்க?"ன்னாரு. "பஸ் கண்டக்டருங்க." பின்னால மாஸ்டர் இருமற மாதிரி சிரிச்சாரு.

அடுத்து துளசிமணி. சீட்டை முன்னால இழுத்தா பாருங்க, கடகடன்னு, அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்குது. போனா. வளைச்சா. ரிவர்ஸ்ல வந்து ரெண்டு கம்பத்துக்கு நடுவுல நிறுத்தினா. இன்ஸ்பெக்டர் எறங்கி, வரிசையில நின்ன இருவது பேத்துகிட்டயும் சொல்றாரு, "இந்தம்மா ஓட்டற மாதிரி ஓட்டிப் பழகுங்கப்பா"ன்னு. அந்த இருவது பேத்துல நானும் நின்னுட்டிருக்கறேன்.

வயிறு எரிஞ்சுதுங்க. மறைக்கறதுக்கு என்ன இருக்குது? கட்டினவ பாஸானா சந்தோசப்படோணும்னு தெரியுது. வரலியே. முப்பத்திரெண்டு வருஷம் ஒருத்தன் ஓட்ட, நான் பின்னால நின்னு ரைட் குடுத்தேன். இனி ஊட்லயும் அதே பொழப்புதான். அவ ஓட்டுவா, நான் பக்கத்துல உக்காந்துட்டு ஆள் வருது, மாடு வருதுன்னு சொல்லிட்டு வரோணும். அன்னைக்கு அவ வாங்கிக் குடுத்த எளநியை நான் குடிக்கல. தலை வலிக்குதுன்னு சொல்லிட்டேன்.

சரி, பாஸானவ காரை எடுத்துட்டுப் போக வேண்டியதுதான? எடுக்கமாட்டா. லைசென்ஸ் தபால்ல வந்துச்சு, பிரிச்சுக்கூடப் பாக்காம அரிசி டப்பாவுக்குப் பின்னால சொருகிட்டா. சாவி ஆணியில தொங்குது. சக்கரத்துக்கு வெச்ச பழம் நாலும் காஞ்சு சுருங்கிப் போச்சு. அவ என்ன பண்றா தெரியுங்களா? வெள்ளிக்கெழமை ஆனாப் போதும், பழசை எடுத்துப் போட்டுட்டுப் புதுசா நாலு வெக்கறா. ஏழு வாரமா. தெருவுல போறவன் வர்றவனெல்லாம், "என்னங்ணா, பழம் இன்னும் நசுங்கலியாட்ட இருக்குது"ங்கறான். எவ்வளவு கொழுப்பு இருந்தா வாராவாரம் புதுப் பழம் வாங்கி வெச்சுக் குத்திக் காட்டுவா? கேட்டா, "மொதல்ல ஏத்தறது நீங்கதானுங்க மாமா"ங்கறா. மூஞ்சியை வேற சாதாரணமா வெச்சுக்குவா.

நாலு ரோடு வந்தாச்சு. வெயில் போச்சுங்களா? சொன்னேன்ல.

ரெண்டாவது டெஸ்ட்டுதான் சார் அநியாயம். அதுக்கு விசிலைப் பத்திச் சொல்லோணும். ஒரு விசில்னா நிறுத்து, ரெண்டு விசில்னா போ. எப்பேர்ப்பட்ட டிரைவரும் அதுக்குக் கட்டுப்பட்டுத்தான் ஆகோணும். வெள்ளியங்கிரிகிட்ட இல்லாத ஒண்ணு என்கிட்ட இருந்துச்சுன்னா அது அந்த விசில்தான். ரெண்டு அடிச்சா அடிச்சதுதான். யாருக்காகவும் நான் மாத்தினதில்ல.

துளசிமணிக்கே மாத்தினதில்ல. எம் பொண்ணுக்கு அப்ப ரெண்டு வயசு, காய்ச்சல். இவ புள்ளையை இடுப்புல தூக்கிட்டு டவுன் ஆசுபத்திரிக்குப் போக ஓடியாறா. எங்க ஊர்ப் பிரிவுல பஸ் கெளம்பிருச்சு. ஏற்கெனவே ஆறு நிமிசம் லேட்டு. பின்கண்ணாடியில நான் பாக்கறேன். கையைத் தூக்கிட்டு ஓடியாறா, செருப்பு ஒண்ணு கழண்டு கெடக்குது. வெள்ளியங்கிரியும் கண்ணாடியில பாத்துட்டான். வண்டியை மெதுவாக்கறான். "நாச்சி, உன்ற ஊட்டுக்காரிடா"ங்கறான். நான் ரெண்டு அடிச்சேன். நல்லா அழுத்தி. ஊட்டுக்காரின்னு பாத்தா டூட்டி நடக்குமா சார்? நாளைக்கு ஊர்ல நாலு பேரு பேசுவான்ல?

அடுத்த பஸ் ஒரு மணி நேரம் கழிச்சு. அதுல போனா. புள்ளைக்கு ஒண்ணும் ஆகல. ஊட்டுக்கு வந்து ஒரு வார்த்தை கேக்கல, சோறு சூடாத்தான் போட்டா. ரொம்ப நாள் கழிச்சு ஒரு தடவை மட்டும், "அந்தண்ணன் வண்டியை மெதுவாக்கினாருங்க"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. பாருங்க சார், அங்கயும் டிரைவர்தான் நல்லவன். விசில் அடிச்சவன் கெட்டவன்.

எதுக்கு இதைச் சொல்ல வந்தேன்? ஆங், ரெண்டாவது டெஸ்ட்டு. இந்தத் தடவை நானே வாய்க்குள்ள ரைட் சொல்லிட்டுக் கெளப்பினேன். போயிருச்சுங்க. குதிக்கல. ரெண்டாவது கியரும் போட்டுட்டேன். அப்பப் பாத்து, பக்கத்து மைதானத்துல பைக்குல எட்டுப் போடறவனை நிறுத்தறதுக்கு ஒருத்தர் விசில் அடிச்சாரு. ஒரே ஒரு விசில். என்ற காலு போயி பிரேக்குல நின்னுருச்சு. நடு மைதானத்துல, ஆணி அடிச்ச மாதிரி. இன்ஸ்பெக்டர் தலை முன்னால போயி இடிச்சுக்கிச்சு. "ஏன்யா நிறுத்தின?"ங்கறாரு. "யாரோ எறங்கறாங்கன்னு..." அவரு மறுபடியும் பேனாவை மூடிட்டாரு.

அன்னையோட உட்டுர்றதுன்னு முடிவு பண்ணிட்டேன். இவதான் மாஸ்டர்கிட்டப் போயி என்னமோ பேசியிருக்கறா. மறுபடியும் பழகப் போறப்ப இவளும் வந்து பின் சீட்டுல உக்காந்துக்கிட்டா. நான் சாவி போட்டேன், கிளட்ச்சை மிதிச்சேன், கியர் போட்டேன். காலு வரல. பழைய கதைதான். அப்பப் பின்னால இருந்து இவ மெதுவாச் சொல்றா, "போலாம் ரைட்."

வண்டி போச்சு சார். எண்ணெய்யில போற மாதிரி போச்சு. மாஸ்டர் தன்ற பக்கத்து பிரேக்குக் கட்டை மேல இருந்து காலையே எடுத்துட்டாரு. நாலு நாளு அப்படி ஓட்டினேன். ரிவர்ஸ், வளைவு, மேடு, ஒண்ணுலயும் தப்பில்ல. "அண்ணா, இத்தனை நாளு இதை எங்க வெச்சிருந்தீங்க?"ன்னு கேட்டாரு.

அஞ்சாம் நாளு அவளை வர வேண்டாம்னுட்டேன். என்ன சார் பாக்கறீங்க? அது என்ற வார்த்தை. முப்பத்திரெண்டு வருஷம் தொண்டை கிழியச் சொன்ன வார்த்தை. ஓட்டறதுலதான் ஜெயிச்சுட்டா, அதையும் எடுத்துக்குவாளா? அதும் என்னை விட நல்லாச் சொல்றா. நான் கத்துவேன். இவ ஊசியில நூல் கோக்கற மாதிரி சொல்றா, நேராப் போயி காலுல எறங்குது.

அதுக்கப்பறம் மூணு நாளு தனியாத்தான் பழகினேன். எப்படிப் போச்சுன்னு கேக்காதீங்க. தூக்கம் சரியில்ல, அதனால.

இன்னைக்குக் காத்தால நான் சட்டை மாட்டறப்பவே இவளும் சேலை மாத்திட்டு நிக்கறா. "நீ எதுக்கு?"ன்னேன். "சும்மா வந்து வெளிய நிக்கறனுங்க"ன்னா. "நீ வந்தா என் காலு நடுங்கும்"னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிப்போட்டு, செருப்பை மாட்டிட்டுக் கெளம்பிட்டேன். வந்துட்டா சார். நான் பின்படியில ஏறினேன், அவ முன்படியில ஏறிட்டா. அதா, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு, ஊதாச் சேலை. உத்துப் பாக்காதீங்க, அவ திரும்பித் திரும்பிப் பாத்துட்டுத்தான் வர்றா. நடுவழியில எறங்கி ஓடிருவன்னு நெனைப்பு. நான் ஏன் சார் ஓடறேன்? எட்டாவது ஸ்டாப்புல ஒரு தடவை எந்திரிச்சேன், அது சும்மா, இடுப்பு புடிச்சுக்கிச்சுன்னு.

அடுத்த ஸ்டாப்புதானுங்க என்னது.

சார், ஒரு ஒதவி பண்ணுவீங்களா? நீங்க யாரோ, நான் யாரோ, அதனாலதான் கேக்கறேன். நான் எந்திரிச்சதும் "போலாம் ரைட்"னு ஒரே ஒரு தடவை சொல்லுங்க. சத்தமா வேண்டாம். அதைக் காதுல வெச்சுட்டே போயி வண்டியில உக்காந்துக்கறேன். அவகிட்டக் கேட்டாச் சொல்லுவா. கேக்க எனக்கு வாய் வரலீங்க. பயமா இருக்குது சார். இத்தனை நேரம் பேசினதே அதுக்குத்தான்.

ஒரு விசில் அடிச்சாச்சு. எறங்கட்டும், கூட்டம் மொதல்ல எறங்கட்டும். பள்ளிக்கூடத்து டீச்சரு, அப்பறம் அந்த மூட்டைக்காரரு. நான் கடைசியா எறங்கிக்கறேன். இருங்க, எந்திரிக்கறேன். காலு மரத்துப் போச்சு. மரத்ததுதான், வேற ஒண்ணுமில்ல.

எல்லாரும் எறங்கியாச்சு. கண்டக்டர் விசிலை வாயில வெச்சுட்டாரு. பரவால்ல சார், அடிக்கட்டும். ரெண்டு அடிச்சா அடிச்சதுதான், என்கிட்டயே கேட்டா நானும் அதைத்தான் சொல்லுவேன். டெஸ்ட் எங்க போகுது, அடுத்த வாரமும் இருக்குது, அதுக்கடுத்த வாரமும்...

அடிச்சுட்டாரே. ரெண்டும் அடிச்சுட்டாரு. வண்டி ஏன் போகல?

நீங்க சன்னல் பக்கம் இருக்கறீங்க, சித்த எட்டிப் பாருங்க. டிரைவர் எதுக்கு ஹாரன் அடிக்கறாரு? பஸ்ஸுக்கு முன்னால யாரு நிக்கறது? ஊதாச் சேலையா? கையை நீட்டிட்டு நிக்கறாளா? என்ன சொல்றா? எனக்கும் கேக்குதுங்க. "எங்கூட்டுக்காரரு உள்ள இருக்கறாரு. அவரு எறங்காம வண்டி போகாது"ங்கறா. ரோட்டுல எத்தனை வண்டி பின்னால நிக்குது பாருங்க, அவ பாட்டுக்கு நிக்கறா.

அன்னைக்குப் புள்ளையைத் தூக்கிட்டு ஓடியாந்தாளே சார். நான் பாத்துட்டுத்தான் அடிச்சேன். ரெண்டும் பாத்துட்டுத்தான் அடிச்சேன்.

அந்த ஃபைலைக் குடுங்க. எறங்கறேன்.

இல்லீங்க, நீங்க சொல்ல வேண்டாம். அதைச் சொல்றதுக்குக் கீழ ஆள் நிக்குது.